சூசையப்பரின் வலது தோள்

களிமண்ணில் முகம் முடிந்த அன்றுதான் சிக்கல் வந்தது. ஜெயமங்கலம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு, இயேசுவை வளர்த்த சூசையப்பரின் சிலை. உபயம், தேனி மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் சவரிமுத்து அண்ணன். சூசையப்பருக்குத் தன் முகத்தை வைக்கச் சொன்னார், நானும் வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் உபயதாரர் சொல்வதுதான் டிசைன்.

பங்கு ஃபாதர் பட்டறைக்கு வந்து பார்த்தார். ரோமில் படித்தவர்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியிலயும் இதே கதைதான். செலவழிச்ச பெரிய குடும்பத்துக்காரக குடும்பச் சின்னத்தை வச்சாக, தங்களோட உருவத்தையும் வச்சாக. ஆனா பெரும்பாலும் புனிதர் பக்கத்துல முழங்கால் போட்டுத்தான் இருப்பாக. இவரு சூசையப்பராவே நிக்கணும்ங்கிறாரு. முகத்தை மாத்துங்க."

மறுநாள் அண்ணனை வரச் சொன்னேன். மனைவி ஆரோக்கியமேரியோடு வந்தார். ஃபாதரும் இருந்தார்.

"மொகம் இல்லேன்னா சிலையும் வேணாம்," என்றார் அண்ணன். "மூட்டை தூக்கின காலத்துல சப்பரம் தூக்க என்னைத்தான் கூப்புடுவாக. போட்டோ எடுக்கையில பின்னால போகச் சொல்லுவாக. ஒரு தடவையாச்சும் முன்னால நிக்கணும் ஃபாதர்."

மேரியக்கா சிலையைச் சுற்றி வந்தார். "மொகம் இவரு மொகந்தான். ஆனா இது இவரு இல்லையே தம்பி. தோளு எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் மூட்டை சுமந்ததில் அண்ணனின் வலது தோள் காய்த்து, எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருக்கும். அழகுக்காக நான் இரண்டு தோளையும் சமமாக இழைத்திருந்தேன். உபயதாரரை மெருகேற்றிக் காட்டுவது எங்கள் கைப்பழக்கம். அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அண்ணன் சட்டைக்கு மேலேயே தோளைத் தடவினார். "இதையா சாமிக்கு வைப்பாக?"

"அவரும் தச்சுவேலை பாத்தவருதான்," என்றார் ஃபாதர். "மரம் சுமந்திருப்பாரு. தாராளமா வைக்கலாம்."

அண்ணன் சிலையின் வலது தோளில் கைவைத்தார். பிறகு, "தோளு போதும். மொகத்தை எடுத்துருங்க," என்றார்.

அன்றே அந்த முகத்தை வழித்தெடுத்து, வழக்கமான சூசையப்பர் முகத்தை வைத்தேன். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தோளைப் பார்த்துப் பார்த்து மண் வைத்தேன். அப்புறம் மோல்டு எடுத்து ஃபைபரில் வார்த்தோம்.

திருவிழாவில் எல்லோரும் சிலையின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மார்க்கெட் சுமைக்காரர்கள் மட்டும் எட்டி அந்தத் தோளைத் தொட்டார்கள். அண்ணன் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வரச் சொல்லியும் வரவில்லை.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உபயதாரர் தன் முகத்தை வைக்கச் சொன்னால், போட்டோ வாங்கியதும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்காரம்மாவையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்லுங்கள்.

வருடம் ஒருமுறை அந்தச் சிலைக்கு டச்-அப் செய்யப் போகிறேன். வலது தோளில்தான் பெயின்ட் முதலில் தேய்கிறது.