குடை நீளத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

1998இல் காக்ஸ் டவுனில் ஜெயசீலி டீச்சர் தனியாகத்தான் இருந்தார். வாசலில் எட்டடி உயர இரட்டைக் கதவு. டீச்சரோ ஐந்தடிக்கும் குறைவு. மேல் தாழ்ப்பாளைப் போட தினமும் ஸ்டூலில் ஏறுவார். மஸ்கட்டிலிருந்து மகன் ராபின் போனில் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை ஏறினா, வீட்டை வித்துட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துடுவேன்மா."

வீட்டை விட்டுப் போக டீச்சருக்கு மனசில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார். கடைக்காரர் முனாவர் பாய், கதவின் விளிம்பில் குடைந்து பதிக்கும் தாழ்ப்பாளை எடுத்துக் காட்டினார்.

"எல்லாரும் ஆறு இன்ச்தான் வாங்குவாங்க டீச்சர்."

"எல்லாரும் வளந்தவங்க பாய். நான் குடையைத் தூக்கிப் பிடிச்சாத்தான் கதவு உச்சி எட்டுது. இந்த நீளத்துக்குக் குடுங்க."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே தேடி, இரண்டடித் தாழ்ப்பாள் ஒன்றைக் குடையோடு வைத்துப் பார்த்துக் கொடுத்தார்.

இரட்டைக் கதவில் அதிகம் திறக்காத கதவின் விளிம்பில் தச்சர் அதைப் பதித்தார். கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் அதன் பிடியை நெம்பினால், உச்சியில் கம்பி நிலைக்குள் போய்விடும். மற்ற கதவையும் சாத்திவிட்டால் தாழ்ப்பாள் இருப்பதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராபின் கூப்பிட்டான். "ஸ்டூல்ல ஏறலையே?"

"அதுலதான் இருக்கேன்."

"அம்மா..."

"உக்காந்துதான்டா. இப்பல்லாம் அது டெலிபோன் பேசற ஸ்டூல்."