ஆணுக்கு வலக்கை

ரேணுகாம்பாளுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கடையில் வாங்கிய கத்தரிக்காயை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். பூக்காரி போட்ட முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பாள். குருக்கள் தந்த குங்குமத்தையும் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைப்பாள். பக்கத்துப் போர்ஷனில் பதினெட்டு வருடம் குடியிருந்த என்னையும் அவள் முழுசாக நம்பியதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் காஞ்சிபுரத்தில் அவளை ஏமாற்றியவர் ஒருவரும் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் கணவர் கண்ணாயிரம் மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலைக் கற்று, பின்கட்டில் ஒரு பெரிய தாமிர அண்டாவை வைத்து நடத்திவந்தார். எழுபத்தொன்றாம் வருடம் மார்கழியில் ஒரு நாள், அண்டாவிலிருந்து எடுத்த நூலை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "படுத்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு நூறைத் தாண்டி ஓடுதும்மா. இப்படி ஓடினா தேர்றது கஷ்டம். ஒரு வாரம் விடாம தொண்ணூறுக்குக் கீழே இருக்கட்டும், நடக்கப் பழக்கலாம். ரொம்ப நாள் ஆயிட்டா கால் விறைச்சுக்கும்."

ஆக, கண்ணாயிரம் இனி நடப்பாரா மாட்டாரா என்பது அந்த ஒரு எண்ணில் வந்து நின்றது.

ஏனாத்தூரிலிருந்து சம்பூர்ணம் என்ற நர்ஸ் தினமும் காலை ஏழு மணிக்கு வருவாள். அவர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவாள். நூற்று நான்கு. மறுநாள் நூற்று இரண்டு. அதற்கு மறுநாள் நூற்று ஆறு. ரேணுகாம்பாள் கைகளைக் கட்டிக்கொண்டு கட்டில் காலருகே நின்று, ஒருதரம் நர்ஸின் முகத்தையும் ஒருதரம் புருஷனின் முகத்தையும் பார்ப்பாள்.

"ஏம்மா நர்சம்மா, பொம்பளைக்குத்தானே இடது கை. ஆம்பளைக்கு வலது கையிலதானே நாடி பாக்கணும்? நீ பாக்குறது யாரு கணக்கு?"

"ரெண்டு கையிலயும் ஒரே ரத்தம்தாம்மா ஓடுது. அந்தக் கையிலயும் துடிக்குது, தொட்டுப் பாருங்க."

அவள் தொடவில்லை. அந்தக் கையை வெந்நீரில் துடைத்துவிடுவாளே தவிர, பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. விழுந்த கையில் என்ன துடிக்கப்போகிறது என்பது அவள் எண்ணம். அதன் நகங்களில் மட்டும் அரக்குச் சாயம் இன்னும் மிச்சமிருந்தது.

அடுத்து அவள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள், என் வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள். மாத்திரையைச் சந்தேகப்பட்டாள். கைபிடித்து எண்ண ஒரு நிமிடம் எதற்கு, அரை நிமிடம் போதாதா என்று சம்பூர்ணத்தையே சந்தேகப்பட்டாள். இதற்கு நடுவே ஒரு மத்தியானம், இன்னொரு சாயக்காரரான மயில்வாகனம் வந்து பின்கட்டில் அண்டாவை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "சும்மா கெடந்தா பச்சை பூத்துடும், யாராவது எடுத்துக்கினு போவட்டும்" என்று அவள் என்னிடம் சொன்னாள். அவர் எழுந்து வருவார், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றாள். உள்ளே சம்பூர்ணம் எண்ணி முடித்து, "எண்பத்தாறு. நல்லா இருக்குதுய்யா" என்றாள்.

ரேணுகாம்பாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். "நேத்து வரைக்கும் நூத்துக்கு மேல. இன்னிக்கு நான் இல்லைன்னதும் எண்பத்தாறா?"

சம்பூர்ணம் மறுபடியும் கையைப் பிடித்தாள். நிமிடம் முடிந்ததும், "நூத்தி ரெண்டு" என்றாள். "கடிகாரம் அதேதாம்மா. கையும் அதே கைதான். நீங்க வந்திருக்கீங்க, அது ஒண்ணுதான் புதுசு."

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பாள். ரேணுகாம்பாளுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். "எங்கிட்ட இன்னா மறைக்கிறீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "மயிலு... அண்டாவை... தட்டுனான். கேட்டுது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தெனம் வந்து... என் மூஞ்சியப் பாக்குற. நான் எழுந்திருக்க மாட்டேன்னு... உனக்குச் சந்தேகம்."

இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. உண்மை அதுதான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், இந்த மனிதர் தேறுவார் என்பதையும் நம்பாமல்தான் அந்தக் கட்டிலருகே நின்றிருந்தாள். அதை அவர் உடம்பு கண்டுபிடித்துவிட்டது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

மறுநாளிலிருந்து, சம்பூர்ணம் வரும் நேரத்தில் அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். புளியும் சாம்பலும் போட்டு அண்டாவைத் தேய்ப்பாள். பக்கத்து வீட்டில் எனக்கே கேட்கும், கட்டிலில் கிடப்பவருக்குக் கேட்காமலா இருக்கும்? மயில்வாகனம் திரும்ப வந்தபோது, "அவரு எழுந்ததும் வேணும்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. அப்படி இறங்கியபின் ஒரு வாரம் அது தொண்ணூறைத் தொடவில்லை. எட்டாம் நாள் டாக்டர் ஆள் அனுப்பி, அவரை நிற்க வைக்கச் சொன்னார்.

அன்று காலை ரேணுகாம்பாள் புளிக்கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "எங்க பிடிக்கணும், காட்டு" என்று சம்பூர்ணத்திடம் கேட்டாள். பிடித்தது வலது கையை. விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். பிறகு அசையாமல் இருந்தாள்.

"ஓடுது" என்றாள்.

கண்ணாயிரம் கோணிய வாயோடு சிரித்தார். "சந்தேகமா?"

"இல்லீங்க."

பதினெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பதிலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.