சுவரில் முளைத்த சாமை

பக்ருதீன் பாய் ஒரு இடத்தில் உட்கார்ந்து தர்மபுரியில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பாதி பிரியாணியிலேயே எழுந்து, அந்த வீட்டுக் கதவின் கீல் சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். தச்சு வேலையில் புலி. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

எழுபத்தோராம் வருஷம் ஐப்பசியில், வத்தல்மலையிலிருந்து மாயவன் இறங்கி வந்தான். மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜானகியம்மாளுக்கு இளைப்பு. அவர் குடியிருந்த கல் அறையில் சுவரைத் தொட்டால் எலும்பு வரை ஐஸ் ஏறும். காலையில் அது வேர்த்து வழிகிற தண்ணீரில் ஒரு எருமையைக் குளிப்பாட்டலாம்.

"மாத்தல் கேட்டுக் காயிதம் எழுதி வெச்சிருக்காங்க பாய். அவங்க எறங்கிட்டா பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான். எம்பொண்ணு இப்பத்தான் அவ பேர எழுதுறா."

"சுவத்துக்குப் பலாப் பலகையில சட்டை தெச்சுருவோம், வா!"

பலகை சுமந்த கழுதைக்கு முன்னால் பாய் மலை ஏறிவிட்டார். கழுதைக்கே அவமானமாகப் போயிற்று. சுவருக்கும் பலகைக்கும் நடுவே குளிரைத் தடுக்கச் சாமைப் பதரை அடைப்பது என்று முடிவானது.

"ரெண்டு நாளு பொறுங்க பாய். இன்னும் தூத்தல, காயவுமில்ல," என்றான் மாயவன்.

"பதருக்கு என்னடா நல்ல நாளு? கொட்டு!"

ஈரச் சுவரை ஒட்டி ஈரப் பதரைத் திணித்து, பலகையை அறைந்து, அன்றைக்கே இறங்கிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மாயவன் பாயின் பட்டறை வாசலில் நின்றான்.

"பாய், உங்க சுவரு பயிராயிருச்சு."

பாய் சிரித்தார். மாயவன் சிரிக்கவில்லை.

"டீச்சருக்கு இளைப்பு அதிகமாயிருச்சு. வெள்ளிக்கெழம எறங்குறாங்க."

அன்று திங்கள். உளியைப் போட்டது போட்டபடி பாய் மலை ஏறினார். பலகை இடுக்கெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சை. பதரோடு கிடந்த மணிகள் ஈரம் குடித்து முளைத்திருந்தன. பலகையைக் கழற்றினால் பதர் கறுத்துப் பூஞ்சை நாற்றம்.

"வாத்தியார் வேலைக்கு வந்தவளை வெவசாயி ஆக்கிட்டீங்களே பாய்," என்றார் டீச்சர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது.

பாய்க்கு முகம் செத்துப்போனது. "வெள்ளிக்கெழம வரைக்கும் குடுங்க டீச்சரம்மா."

"தர்றேன். ஆனா சுவரு காயாம ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

டீச்சர் மாயவன் வீட்டுக்குப் போனார். கும்பட்டியில் கங்கு போட்டு அறைக்குள் வைத்தார்கள். இனி காத்திருப்பதுதான் வேலை. பாய்க்கு அதைவிடத் தூக்குத்தண்டனை மேல். நிமிஷத்துக்கு ஒரு தரம் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அந்த அறைக்குள் நடந்த நடையில் பென்னாகரம் போய்த் திரும்பியிருக்கலாம். சுத்தியலை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். கடைசியில் மாயவன் அதைப் பிடுங்கி, அடியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டான்.

வியாழக்கிழமை காலையில் வைத்த கை ஈரமில்லாமல் வந்தது. மாயவன் எழுந்தான்.

இந்தத் தடவை பாய் சுவரில் முதலில் ரீப்பர்ச் சட்டங்களை அடித்தார். சுவரைத் தொடாமல் விரலிடை விட்டுக் கம்பளியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பலகை. ஊரில் வீட்டுக்கு ஒரு கம்பளி கொடுத்துவிட்டு, மிச்சமிருந்ததில் நாலு நாலு பேராகச் சுருண்டார்கள். மேலும் கீழும் பாய் சின்னச் சந்து விட்டார்.

"சுவத்துக்கும் இளைப்பு டீச்சரம்மா. மூச்சு விட வழி வேணுமில்ல?"

வெள்ளிக்கிழமை. மாயவன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வாசலில் நின்றான். டீச்சர் கடைசியாக ஒருமுறை பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பாய் கதவுக்கும் சுவருக்குமாக நடந்தார்.

"பாய், நீங்க நடக்குற காத்துதான் குளுருது. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

டீச்சர் பலகையைத் தடவிப் பார்த்தார். ஒரு இடுக்கில் மட்டும் சில்லென்று காற்று வந்தது. பையிலிருந்து, எழுதி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து அதில் செருகினார்.

"என்ன காயிதம் டீச்சரம்மா அது?"

"எடுத்துடாதீங்க. குளுரும்."

மாயவன் பெட்டியை இறக்கி வைத்தான். அதற்குள் பாய் எழுந்துபோய் பெட்டியின் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.