நைஸ் என்று சொல்லக் கூடாத சந்தியாப்பிள்ளை

சந்தியாப்பிள்ளையின் மரணச் செய்தியை மடு மாதா கோவிலிலிருந்து திரும்பிய வண்டிக்காரன்தான் கந்தோர் வாசலில் வந்து சொன்னான்: "ஐயா மோசம் போயிட்டார்." மரணச் செய்தி கேட்டால் நாங்கள் ஓதும் 'இன்னாலில்லாஹி' என் வாயில் வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த தலைமை எழுத்தர், "வெரி நைஸ் மேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அறிந்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள், இதைவிட அவரை அவமதிக்க முடியுமா?

வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் அவர் துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துவிபாஷி, நான் நகல் எழுதுபவன். குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டு, குருவாகாமல் வெளியேறியவர் அவர். துரை யாரையாவது 'நைஸ்' என்று புகழ்ந்தால் என் காதோடு சொல்வார்: "மரைக்கார், அந்தச் சொல்லின்ர வேர் லத்தீன். ஒண்டும் தெரியாதவன் எண்டுதான் அர்த்தம். பிறகு மடையன் ஆச்சு, நொட்டை பிடிக்கிறவன் ஆச்சு, இப்ப நல்லவனாம். துரைமாருக்கு இன்னும் பழைய அர்த்தம்தான் பிடிக்கும்."

சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு நடந்த காலம். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் கடல்கட்டி. கரையில் ஒரு குடிசைக்குள் கதவடைத்து அவர் இருந்தால்தான், எந்த மதத்துக் குளியாளும் கடலில் இறங்குவான். ஒருநாள் அவர் காய்ச்சலில் ஊரில் கிடந்தார். துரை வெறுங்குடிசையைப் பூட்டச் சொன்னார். "உள்ளே இருக்கிறார் என்று சொல். பீ நைஸ்" என்றார் சந்தியாப்பிள்ளையிடம்.

"துரை சொன்னபடியே சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி வேலை போயிடும்" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"போகட்டும். சுறா வந்தா துரையையா கடிக்கப்போகுது?"

குளியாட்கள் முன்னால் போய் நின்றார். "குடிசை வெறுமையாக் கிடக்கு. கடல்கட்டி வரேல்லை. இறங்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்." ஒருவரும் இறங்கவில்லை. துரை முகம் சிவந்து ஆங்கிலத்தில் ஏசினார். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் பெயர்த்துச் சொன்னார் சந்தியாப்பிள்ளை. கரை முழுவதும் சிரித்தது.

அன்றோடு வேலை போனது. மன்னிப்புக் கேட்டால் திரும்பத் தருவதாகத் துரை ஆள் அனுப்பினார். "தெரியாமல் செய்திருந்தா மன்னிப்புக் கேக்கலாம். நான் தெரிஞ்சுதான் செய்தனான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு கந்தோருக்கு எதிரே பெருக்கமரத்தடியில் இருந்து, ஏழைகளுக்குத் துரைக்கு எதிராகவே மனு எழுதினார். துரை தினமும் அவரைக் கடந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இன்று மலர்வளையத்தோடு அனுப்பும் அட்டையில் 'வெரி நைஸ் மேன்' என்று எழுதும்படி தலைமை எழுத்தர் என்னைப் பணித்தார். எழுதமாட்டேன் என்றேன்.

"என்ன பேசுறீர் எண்டு தெரிஞ்சுதான் பேசுறீரோ?"

"ஓம். தெரிஞ்சுதான்."

என் கதிரை நாளைக்கு இருக்குமோ தெரியாது. சந்தியாப்பிள்ளையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பதில்தான்.