கூறைப் புடவையோடு தைப்பிங் ஏரிக்கு

எனக்கு எழுத்து சரியாக வராது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு என்று நினைக்கிறேன், கப்பலில் போகும் வழியில் தைப்பிங் ஏரியைப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துப் புகைவீட்டில் வேலை பார்த்தார். ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் காயவைக்கிற இடம் அது. அவருடைய அம்மா பினாங்கில் இருந்தார். காலில் புண் வந்து படுத்துவிட்டதால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. "மருமகள கூறைப் புடவையோட கொண்டாந்து காட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் வழி நெடுக என் கவலை.

முதல் நாள் காலையில் ரயில் ஏறி, தாப்பா ரோடு ஸ்டேஷனில் மாறி, மத்தியானம் தெலுக் ஆன்சன் சேர்ந்தோம். இப்போது தெலுக் இந்தான் என்கிறார்கள். அங்கிருந்து பினாங்குக்குச் சின்னக் கப்பல் ஒன்று போகும். ரயிலிலேயே போயிருக்கலாம். என் வீட்டுக்காரருக்குத்தான் கப்பல் ஆசை. மேல்தட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆறு முடிந்து கடல் வந்ததும் கப்பல் ஆட ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த உப்பு மீன் கூடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து எங்கள் மூட்டைக்குள் புகுந்துவிட்டது. பிரித்தால் கூறைப் புடவை பாதி நனைந்திருந்தது. ஒரே மீன் நாற்றம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதலா. நாளைக்குக் கப்பல் நிக்கிறப்ப தைப்பிங் போயி அலசிப் போடலாம். அங்க பெரிய ஏரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாக்கணுமா? ஏரின்னா படித்துறை இருக்கும், தொவைக்கிற கல்லு இருக்கும், கரையில புள்ளையாரு இருப்பாரு. பொம்பளைங்க கூட்டமா இருப்பாங்க. ஒனக்குக் கூச்சமே இருக்காது."

மறுநாள் காலை போர்ட் வெல்டில் கப்பல் நின்றது. கடல் தண்ணீர் ஏறினால்தான் கிளம்பும், சாயங்காலம் ஆகும் என்றார்கள். தைப்பிங் அங்கிருந்து எட்டு மைல். ரயிலில் ஆளுக்குப் பத்துக் காசோ பன்னிரண்டு காசோ கொடுத்தோம். கடைத்தெருவில் ஒரு கட்டி சவுக்காரம் வாங்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தோம்.

ஏரி அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்துறையும் இல்லை, கல்லும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ஈயம் தோண்டிய பள்ளமாம். சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல். தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்திருந்தன. ஒரு வெள்ளைக்காரி குடை பிடித்துக்கொண்டு போனாள். முகம் கழுவ ஒரு ஆளைக் காணோம். புல் வெட்டிக்கொண்டிருந்த தமிழரிடம் என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார்.

"அண்ணே, தொவைக்கிற எடம் எங்க இருக்கு?"

"தொவைக்கவா? காலை விட்டாலே வெரட்டுவாங்க."

"இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு என்னதான் செய்றீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஊர் பார்க்கவும் எனக்கு மனசில்லை. நாறுகிற மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்த மலை மேகத்தில் மறைந்தது. திடீரென்று மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் சிலிம் ரிவரில் பார்த்ததில்லை. புல் வெட்டுகிறவர் எங்களைத் தன் அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"ஏரிதான் தொரைக்குச் சொந்தம் தங்கச்சி. மழை அவரோடது இல்ல. புடவைய வெளிய புடிங்க."

ஒரு தலைப்பை என் வீட்டுக்காரர் பிடித்தார், மறு தலைப்பை நான் பிடித்தேன். மழையில் நின்று சவுக்காரம் தேய்த்து அலசிப் பிழிந்தோம். "முந்தானைய நல்லாத் தேயி, மாமியா மொதல்ல அதத்தான் பாப்பாங்க" என்று கொட்டகைக்குள்ளிருந்து புல் வெட்டுகிறவர் சொல்ல, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு தைப்பிங் பார்த்து முடிந்தது.

சாயங்காலம் கப்பலேறியதும் ஈரப் புடவையை எங்கே காயப்போடுவது? அடுப்புக்கு விறகு போடுகிற ஆளிடம் கெஞ்சி, புகைபோக்கி ஓரமாக ஒரு மூங்கில் கட்டினார் என் வீட்டுக்காரர். ரப்பர் ஷீட்டைப் போடுகிற மாதிரியே சுருக்கமில்லாமல் தொங்கவிட்டு, திருப்பித் திருப்பிப் போட்டார். விடியும்போது மொறமொறவென்று காய்ந்திருந்தது. மீன் நாற்றம் போய்விட்டது. புகை வாசம் ஏறிவிட்டது.

"மீனுக்குப் பொகை தேவலாம்" என்றார்.

பினாங்கில் மாமியார் கட்டிலில் இருந்தபடி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை இழுத்து மூக்கில் வைத்தார். பிறகு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

"டேய், இது ஒன் வாசம்டா. நீ வந்துட்டுப் போனா தலகாணியில ஒரு வாரத்துக்கு இருக்குமே, அதேதான். வாம்மா, இப்படி ஒக்காரு."

இப்போது நான் புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். குழாயைத் திருகினால் தண்ணீர். பேரப்பிள்ளைகளோடு தைப்பிங் போனால் அவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். நான் மழை வருமா என்று பார்ப்பேன். எந்த வருஷம், ரயிலுக்கு எத்தனை காசு, எட்டு மைல் சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மழை பெய்ததை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.