மாமாவுக்கு ஒரு திதி

எங்கள் சித்தப்பாவின் புண்ணியத்தில், சுவிஸில் இறந்துபோன தமிழர்கள் எல்லோரும் கொடைவள்ளல்கள். வீடு தேடி வந்தவருக்கு ஒரு தேநீர் கொடுக்க மனம் வராதவர்கூட சித்தப்பாவின் பாட்டுக்குள் வந்துவிட்டால் வாரி வாரி வழங்குவார்.

சித்தப்பா இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார், கல்வெட்டும் எழுதினார். எங்கள் ஆட்களிடையே கல்வெட்டு என்பது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற சிறிய புத்தகம். முதலில் இறந்தவரின் படம். அடுத்து, அவர் இறந்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா. அதன் பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். எல்லோருக்காகவும் சித்தப்பா ஒருவரே புலம்புவார். புருஷனோடு வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெண்மணி, தன் பெயரில் சித்தப்பா எழுதியதைப் படித்துவிட்டு விம்மி விம்மி அழுதாராம். மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில்தான் இதெல்லாம் நடக்கும். எதிரே இருந்து நான் வீட்டுப்பாடம் செய்வேன்.

எனக்குப் பத்து வயதான வருடம் ஊரில் போர் முடிந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பெரியவர்கள் பதாகைகளோடு பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் போய், கத்திக் கத்தித் தொண்டை கட்டித் திரும்பி வந்தார்கள். அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கடைசியில், முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண் போனில் சேதி சொன்னார். ஷெல் விழுந்து மாமா போய்விட்டார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே யாரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அம்மா அழவில்லை. வேலைக்குப் போனார், சமைத்தார், என் தலையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டார். எனக்கு அது பயமாக இருந்தது.

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையை வைத்துக்கொள்ளலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். அம்மா கேட்கவில்லை.

"அமாவாசை எல்லாருக்கும் பொது, தம்பி. என்ரை அண்ணைக்கெண்டு ஒரு நாள் வேணும். நாளில்லாமல் நான் எப்பிடி அழுறது?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

ஊருக்கெல்லாம் பாட்டு எழுதியவர் அன்று பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களோடை கடைசியா எப்ப கதைச்சவர், அண்ணி?"

அம்மாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. மாசி மாதத்தில் யாரிடமோ போனை இரந்து வாங்கி மாமா கொஞ்ச நேரம் பேசியிருந்தார். அம்மாவைச் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். என்னிடம், "அங்கை இன்னும் பனி கொட்டுதோ?" என்றார். சுற்றிலும் குண்டு விழுகிற இடத்திலிருந்து அவர் விசாரித்தது எங்கள் பனியைத்தான்.

சித்தப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தார். மாசி மாதம், பூர்வபக்கத்து வளர்பிறைத் தசமி. மாமா எங்களோடு பேசிய அதே நாள்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "அண்டைக்கு மாமா உயிரோடை இருந்தவர்! என்னோடையும் கதைச்சவர். ஏன் சித்தப்பா பொய் எழுதுறீங்கள்?"

"ஓம் பிள்ளை, இருந்தவர்" என்று மட்டும் சொன்னார் சித்தப்பா.

அம்மா அந்தத் தாளின் மேல் கையை வைத்தார். அடுத்த நிமிடம் வீடே அதிரும்படி ஒப்பாரி எழுந்தது. சின்னச் சத்தத்துக்கும் முறைப்பாடு கொண்டுவரும் கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். பொய்யும் எழுதி அம்மாவையும் அழவைத்துவிட்டாரே என்று எனக்குச் சித்தப்பாவின் மேல் பொல்லாத கோபம். அவர் சாக்லேட்டோடு வந்த நாட்களில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாக்லேட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நானும் கவிதை எழுதுகிறேன், பெரும்பாலும் ஜெர்மனில். உலகச் செய்திகளைப் பார்த்துவிட்டு, எழுதி என்ன ஆகப்போகிறது என்று பேனாவை மூடிவைக்கும் நாட்கள் இந்தக் காலத்தில் அதிகம். அப்போதெல்லாம் சித்தப்பாவை நினைத்துக்கொள்வேன். அவரால் ஒரு குண்டைக்கூடத் தடுக்க முடியவில்லை. ஆனால் நாலு அடியில் என் அம்மாவுக்கு ஒரு நாளைக் கொடுத்தார். அதற்கு நான் அவருக்குச் சொல்லவேண்டிய நன்றி இந்தப் பிறப்பில் தீராது.

வருடந்தோறும் மாசியில் அம்மா அண்ணனுக்குப் படைத்துவிட்டு அழுவார். அழுது முடித்ததும், அவர் போனில் என்னென்ன கேட்டார் என்று முகம் மலர எங்களுக்குச் சொல்வார். பத்து வயதில் நான் கத்திச் சொன்ன உண்மை சித்தப்பாவுக்கு முன்பே தெரியும் என்பதும், அதற்காகவே அவர் அந்த நாளை எடுத்தார் என்பதும் எனக்கு அன்று புரியவில்லை. மாமா இறந்த நாள் உலகத்தில் யாரிடமும் இல்லை. அவர் உயிரோடு இருந்த ஒரு நாள்தான் அம்மாவிடம் இருந்தது.