சாரல் மாதத்து மைலேஜ்

டிசம்பரில் லிட்டருக்கு இருபத்திநாலு கிலோமீட்டர் ஓடிய வண்டி ஜூனில் பதினெட்டுக்கு இறங்கியதை, பெமிலாவின் கணவன் டெல்வின் மஸ்கட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஹைபிரிட் வண்டி. பெட்ரோலில் ஓடும், ஓடும்போதே தானாகச் சேர்த்துக்கொண்ட மின்சாரத்திலும் ஓடும். வாங்கிய அன்றே அதற்கான ஆப்பைத் தன் போனில் போட்டு, தன் எண்ணிலேயே பதிந்துகொண்டான். வண்டி எப்போது கிளம்பியது, எங்கே நிற்கிறது, அந்த ஓட்டத்தில் லிட்டருக்கு எவ்வளவு கிடைத்தது, எல்லாம் அதில் வரும். மனைவி சாப்பிட்டாளா என்று கேட்க மறந்த நாட்கள் உண்டு. ஆப்பைப் பார்க்க மறந்த நாள் இல்லை.

பெமிலா நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் மாமியார் தேவகனியோடு இருந்தாள். மலைக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே வள்ளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் வந்து பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலத்தில் தினமும் அவர்களுடைய முறைப்புக்கு நடுவேதான் உள்ளே நுழைவாள். வண்டி வந்த பிறகு அவள் முதலில் போய் விளக்கைப் போட்டாள். ஆறு மாதத்தில் லேபின் பொறுப்பையே அவளிடம் கொடுத்தார்கள். வண்டி போனால் அந்தப் பொறுப்பு போகும். பிறகு வேலையும் நிலைக்காது. இது அவளுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டெல்வினின் தம்பி ஜெரிஷ் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் சவாரி ஓட்டுகிறவன். வண்டி வந்த நாள் முதல் அதன்மேல் அவனுக்கு ஒரு கண்.

"மயினி, இது ஆஸ்பத்திரி வாசல்ல வெயில் காயதுக்கா உள்ள வண்டி? என் கையில குடுத்தா பொன்னு மாதிரி வச்சிருப்பேன்."

"உன் கையில இருந்த ரெண்டு வண்டியும் பொன்னு மாதிரிதான் இருக்கு, அடகுக்கடையில" என்றாள் பெமிலா. அதன்பிறகு ஜெரிஷ் அவளிடம் நேராக எதுவும் கேட்பதில்லை. அண்ணனுக்குப் போன் போட்டான்.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் டெல்வின் கூப்பிட்டான். நலம் விசாரிப்பு கிடையாது.

"ஏட்டி, காலைல போறப்ப இருவத்திரெண்டு. சாயங்காலம் வாறப்ப பதினாலு. ரோடு ரெண்டா என்ன?"

"ரோடு ஒண்ணுதான். முப்பந்தல் காத்து. போறப்ப பின்னால இருந்து தள்ளும், வாறப்ப மூஞ்சில அடிக்கும்."

"காத்தா? வண்டி என்ன பாய்மரமா?"

"வந்து ஓட்டிப் பாருங்க."

"இஞ்ச நாப்பத்தஞ்சு டிகிரி. ஏசி அணையாம ஓடுது. எனக்கு கம்பெனி வண்டியில இருவது கிடைக்கு. அங்க சாரல் அடிச்சு ஊரே குளுந்து கிடக்கு. உனக்கு பதினாலா? வண்டியில யார ஏத்துக?"

"யாரையும் ஏத்தல."

"அப்போ ஆஸ்பத்திரி வாசல்ல ஏசியப் போட்டுட்டு யாருகூட இருந்து பேசுக?"

பெமிலா போனை வைத்துவிட்டாள்.

அவன் பொய்யாகக் கோபப்படவில்லை. அவன் இருக்கும் ஊரில் வருடத்துக்கு இரண்டே பருவம். வெக்கை இருந்தால் மைலேஜ் இறங்கும், வெக்கை குறைந்தால் ஏறும். அந்தக் கணக்கை அப்படியே ஆரல்வாய்மொழிக் கணவாயில் கொண்டுவந்து பொருத்தினான். இங்கே குளிர்ந்து கிடக்கும் மாதங்களில்தான் காற்று மலை இடுக்கில் புகுந்து கிழக்கே பாயும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஆவி படியும், அதைத் துடைக்க ஏசி வேண்டும். டிசம்பரில் காற்று ஓய்ந்திருக்கும். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் நாகர்கோவிலை அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டி ஊர்ந்துதான் போக முடியும். ஊரும்போது ஹைபிரிட் பெரும்பாலும் பெட்ரோலைத் தொடுவதில்லை. மற்ற வண்டிக்காரர்கள் சபிக்கும் நெரிசலில் இந்த வண்டி மட்டும் கொழிக்கும். டெல்வினும் இந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனால் கல்லூரிக்குப் பஸ்ஸில் போன காலத்தில் அந்தக் காற்று ஜன்னல் வழியாக முடியைக் கலைத்த ஒரு சுகம், அவ்வளவுதான். சுகமாக ஞாபகத்தில் நிற்கும் ஒன்றுக்கு எடை இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் இருந்தது. வண்டி போன இடம் எப்போதும் சரியாக இருந்தது, நேரமும் சரியாக இருந்தது. சந்தேகம் அந்த இரண்டிலும் இடம் கிடைக்காமல் எண்ணில் போய்க் குடியேறியது. எண் எதையும் மறுத்துப் பேசாது. லேபில் பெமிலா தினமும் இதைப் பார்ப்பவள். சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தவனின் சர்க்கரையை, வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று படித்தால் அவனை நோயாளியாக்கிவிடலாம். எப்போது எடுத்தது என்று கேட்காதவனிடம் அளவு எதையும் சொல்லும்.

ஆனாலும் அந்தச் சந்தேகம் அவளையும் தொட்டது. அவளோடு வேலை செய்யும் தன்யா தினமும் தோவாளையில் இந்த வண்டியில் ஏறுவாள். ஒல்லியான பெண். ஒரு பைக்கட்டு கனம்கூட இருக்க மாட்டாள். 'யாரையும் ஏத்தல' என்று சொல்லிவிட்ட மறுநாள், சாரலில் குடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி தன்யா கையை உயர்த்துவது தெரிந்தும், பெமிலா நிறுத்தாமல் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். தன்யா பஸ்ஸில் நனைந்து வந்து, ஒன்றும் கேட்காமல், சிரிஞ்சுகளை எடுத்து வைத்தாள். அந்த வாரத்தின் எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. அதைப் பார்த்தபோது தன்யாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன், தன்யாவின்மேல் எரிச்சல்தான் வந்தது.

டெல்வின் ஜூலையில் லீவில் வந்தான். வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தாயாரின் முன்னால் சொன்னான்.

"நாளைக்கு நானாக்கும் ஓட்டுகேன். போக வர ரெண்டும். இருவதுக்கு மேல வந்தா, இவ சொன்னதெல்லாம் பொய். சாவி ஜெரிஷுக்கு."

"வரலன்னா?" என்றாள் பெமிலா.

"அதெப்படி வராம இருக்கும்?"

தேவகனி மீன்குழம்புச் சட்டியை இருவருக்கும் நடுவில் நகர்த்திவைத்தாள். "தின்னுங்க மக்களே. பெட்ரோல குடிக்கதுக்கா இருக்கோம்?"

காலையில் அவன் ஓட்ட, ஜெரிஷ் பின்னால் உட்கார, பெமிலா பக்கத்தில் இருந்தாள். வள்ளியூரில் நிறுத்தும்போது இருபத்திரண்டு.

"பாத்தியா?" என்றான்.

"நான் ஓட்டுனாலும் காலைல அதுதான்."

"வாயத் தொறந்தா விடமாட்டா" என்று டெல்வின் திரும்பித் தம்பியிடம் சொன்னான். தம்பி சிரித்தான்.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பணகுடி தாண்டும்போதே காற்று பிடித்தது. ரோட்டோரத்து உடைமரங்கள் எல்லாம் கிழக்கே குனிந்து நின்றன. காவல்கிணற்றில் சாரல் கனத்தது. எண் பதினைந்தில் நின்றது, பிறகு பதினாலு. டெல்வின் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலைத் தளர்த்தினான். வண்டி உடனே சோர்ந்தது, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தடுத்ததுபோல. மறுபடி மிதித்தான். பதிமூன்று.

ஜெரிஷ் முன்னால் எட்டிப் பார்த்தான். "அண்ணே, காத்து கொஞ்சம் கூடுதல்தான் போல."

"சும்மா இருல. ஏசிதான் குடிக்கு." டெல்வின் ஏசியை அணைத்தான்.

"கண்ணாடி மூடிரும்" என்றாள் பெமிலா.

"மூடட்டும்."

மூன்று பேர் மூச்சு. முப்பந்தல் வருவதற்குள் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல ஆகிவிட்டது. டெல்வின் உள்ளங்கையால் துடைத்தான். துடைத்த இடத்தில் வைப்பர் ஓடுவது தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்றாலைகள் இரண்டு பக்கமும் நிற்கும் ரோடு அது. அன்றைக்கு அவற்றின் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

"ஏசியப் போடுங்க."

"பதிமூணுல இருந்து ஏறுதான்னு பாக்கணும்."

"இஞ்ச பாருங்க, எதுக்கால என்ன நிக்குன்னே தெரியல!"

அவள் கை பொத்தானுக்குப் போனது. அவன் அதைத் தட்டிவிட்டான். பலமாக. மறுபடி போனது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான். அந்த வெள்ளைக்குள் திடீரென்று இரண்டு சிவப்பு விளக்குகள் முளைத்தன. நின்றுகொண்டிருந்த ஒரு லாரி.

"அண்ணே!"

பிரேக்கை மிதித்துத் திருப்பினான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கருவேலம் புதரில் உரசி நின்றது. காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியை ஆட்டியது. பெமிலா கையை உருவிக்கொண்டு ஏசியைப் போட்டாள். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. லாரியின் பின்பக்கத் தகரம் ஒரு கை தூரத்தில் இருந்தது.

டெல்வின் எண்ணைப் பார்த்தான். பன்னிரண்டு. இனி அவனிடம் மிச்சமிருந்தது 'காத்துதான்' என்ற ஒரு சின்ன வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் சொன்னது இது:

"வண்டிக்க கோளாறு. பேட்டரி போயிருக்கு. ஜெரிஷ், ஒரு ஆளப் பாருல. தள்ளி விட்டுரலாம்."

பெமிலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வந்தாலும் சாவி போகும், பன்னிரண்டு வந்தாலும் சாவி போகும். எந்தக் காற்றைக் காட்டினாலும் இவன் பார்க்கப்போவது காற்றை அல்ல. இத்தனை நாள் மைலேஜுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தன்னுடைய முட்டாள்தனம் என்று அவளுக்குப் பட்டது. வெட்கமாகக்கூட இருந்தது.

"விக்க முடியாது" என்றாள்.

"என்னது?"

"லோனுக்கு ஊர்ல சம்பளம் வாங்குக ஆளு வேணும்னு, என் பேருலதானே எழுதினிய? கையெழுத்து எனக்கதாக்கும். போடமாட்டேன்."

"புருஷன் சொல்லுகேன்."

"லாரிக்கு அடியில விட்டிருப்பிய. அப்பவும் புருஷன்தான். இறங்குங்க."

"எங்க இறங்க?"

"பின்னால போய் தம்பிகூட இருங்க. நான் ஓட்டுகேன்."

ஜெரிஷ் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். டெல்வின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பெமிலா தன் பக்கத்துக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து இறங்கி, காற்றுக்கு எதிராகச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியைத் தட்டவில்லை. மழையில் நின்றாள். ரோட்டில் போன ஒரு பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் திரும்பிப் பார்த்தன. மனைவிக்கு இளகாதவன் அந்தத் தலைகளுக்கு இளகினான். இறங்கிப் பின்னால் போனான்.

மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டு பெமிலா ஷோரூமுக்குப் போனாள். உரிமையாளர் நேரில் வந்தால் ஆப்பில் பதிந்த போன் எண்ணை மாற்றிக் கொடுப்பார்கள். கவுண்டரில் இருந்தவர், "சார் நம்பர எடுத்துரவா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றாள். அன்று சாயங்காலம் டெல்வின் போனில் வண்டி இல்லை. அவன் ஒரு தம்ளரைச் சுவரில் எறிந்தான். தேவகனி அதைப் பெருக்கினாள். லீவு முடியும்வரை அவன் பெமிலாவோடு பேசவில்லை. ஏர்போர்ட்டுக்கு ஜெரிஷ் வாடகை வண்டியில் கொண்டுபோய் விட்டான்.

மஸ்கட்டிலிருந்து தாயாரோடு மட்டும் பேசினான். தோவாளையில் தன்யா மறுபடி ஏறினாள். ஆனால் பழைய மாதிரி வழியெல்லாம் பேசிக்கொண்டு வரவில்லை. பெமிலாவும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்து காற்று ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். பக்தர்களின் வேன்களுக்கு நடுவே வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்தது.

"மக்கா, வண்டி இப்ப எவ்வளவு ஓடுது?" என்று தேவகனி கேட்டாள். "அவன் நேத்து கேட்டான். அவனாத்தான் கேட்டான், கேட்டியா. கொஞ்சம் இளகியிருக்கான்னு தோணுது."

பெமிலாவின் முன்னால் இருபத்திநாலு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி போடாமல் தேவகனியால் அதைப் படிக்க முடியாது. சொன்னால் மஸ்கட்டில் அவன் என்ன சொல்வான் என்று பெமிலாவுக்கு நன்றாகத் தெரியும். 'பாத்தியளா அம்மா, நான் கண்டிச்ச பிறகு ஒழுங்கா ஓட்டுகா.'

"தெரியாது மாமி."

"உனக்க முன்னாலதானே காட்டும்?"

"நான் பாக்கதில்ல."

"அப்போ அவன்கிட்ட நான் என்ன சொல்ல?"

முன்னால் வேன் நகர்ந்தது. பெமிலா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

"தெரியாதுன்னே சொல்லுங்க."